கள்ளனுக்கு ஒரு முகம்

பஸ்மியா வரைந்த மானைப் பார்த்து ஒருவரும் அழவில்லை, சிரித்தார்கள். அழவைக்கத்தான் அவள் ஒரு மாதமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

திருகோணமலை நகரத்து மான்களைத் தெரியாதவர் யார்? கடைத்தெரு, பஸ் நிலையம் என்று ஊர் முழுக்கத் தங்கள் சொத்து மாதிரித் திரிவார்கள். நாம் வீசும் பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கைத் தின்று, வயிறு அடைத்துச் சாவார்கள். அதை நிறுத்தச் சின்னதாக ஒரு அனிமேஷன் படம் வேண்டும் என்று ஊர்ச் சங்கம் ஒன்று மதுசனின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வேலை கொடுத்தது. அங்கே கலியாண அல்பங்களுக்குப் பூ ஒட்டிக்கொண்டிருந்த, பக்கத்து ஊரான கிண்ணியாப் பிள்ளை பஸ்மியா, "நான் செய்யிறன் அண்ணன்" என்று முந்திக்கொண்டாள். பூ ஒட்டி ஒட்டி அவளுக்குச் சீ என்று போயிருந்தது.

முதல் மானுக்கு முகத்தில் பாதி கண்தான். நீண்ட இமை, பொட்டு மாதிரி வாய், கண்ணோரத்தில் எந்நேரமும் ஒரு துளி. பெரிய கண்ணைக் கண்டால் மனுசருக்கு மனம் இளகும் என்று எங்கோ படித்திருந்தாள். இளகும்தான், பொய்யில்லை. ஆனால் விடிந்தால் பொழுதுபட்டால் மான் முகத்தில் விழிக்கிற ஊரில் அந்தப் பருப்பு வேகுமா?

வாசலில் ஆட்டோ நிறுத்தும் இராசதுரையைக் கூப்பிட்டு மதுசன் காட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இதுக்கு என்ன, கண் வருத்தமோ? டொக்டரிட்டக் காட்டினதோ?"

மதுசன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து, "குறை நினைக்காதேங்கோ பஸ்மியா. இன்னொருக்கா கீறிப் பாருங்கோ. அதுவும் சனத்துக்குப் பிடிக்காட்டி, இனி வாற படங்களுக்கு இன்டர்நெட்டில ரெடிமேடா வாங்குவம். நீங்கள் அல்பத்தைப் பாருங்கோ" என்றான்.

ஆயுசுக்கும் பூ ஒட்டச் சொல்கிறான்.

அன்று பின்னேரம் இராசதுரையின் ஆட்டோவில்தான் பஸ் நிலையத்துக்குப் போனாள். சந்தையடியில் ஆட்டோ நின்றதும் காது கிழிந்த மான் ஒன்று தலையை உள்ளே நீட்டி, சீற்றில் சொப்பிங் பேக்கோடு இருந்த வல்லாரைக் கீரைக்கட்டை இழுத்தது.

"அடேய் கள்ளா, நேற்றும் நீதானே வந்தனீ? வெக்கம் இல்லையோ உனக்கு?" என்று இராசதுரை ஏசினார்.

மான் தனக்கும் கீரைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாவகாசமாக மென்றது. கீழுதடு மட்டும் இடமும் வலமும் ஆடியது.

"தின், தின். வீட்டில மனுசியிட்டப் பேச்சு வாங்கிறது நான்தானே" என்று இராசதுரை மிச்சக் கீரையையும் போட்டார். போட்டுவிட்டு, கீரை வந்த சொப்பிங் பேக்கைக் கைப்பழக்கத்தில் காற்றோடு விட்டார். பஸ்மியா பதறி இறங்கி ஓடி அதைப் பிடித்தாள்.

பை கையில் இருக்க, அவளுக்கு விஷயம் விளங்கியது. இந்த ஊரில் மானை யாரும் பாவம் பார்ப்பதில்லை, ஏசுகிறார்கள். வீட்டு ஆளைத்தான் நாம் இப்படி உரிமையோடு ஏசுவோம். அவள் வரைந்ததோ யாரோ ஊர் பேர் தெரியாத மான். அதற்கு இவர்கள் ஏன் அழவேண்டும்?

இரண்டாவது மானுக்குச் சின்னக் கண். கிழிந்த காது. களவெடுத்ததும் வேறு பக்கம் திரும்புகிற முகம். ஒரு நிமிடமும் ஓயாத கீழுதடு. பெயர் கள்ளன். துளி கிளி ஒன்றும் கிடையாது.

"இது கள்ள முழியெல்லோ? ஆர் பாவம் பாப்பினம்?" என்றான் மதுசன்.

"பாவம் பாக்க வேணாம் அண்ணன். ஏசட்டும்."

படம் போட்ட அன்று சங்கத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. பஸ்மியா கடைசிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

திரையில் கள்ளன் கலியாணக் காரின் முன்னால் கட்டியிருந்த பூமாலையை இழுத்துத் தின்றுவிட்டு, வேறு பக்கம் பார்த்தான். அல்பங்களில் அவள் ஒட்டிய பூவெல்லாம் அவன் வயிற்றுக்குள் போனது. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "முழியைப் பாருங்கோவன் அதின்ர" என்று ஒரு மனுசி திட்டினாள். பிள்ளைகள் கள்ளன், கள்ளன் என்று கத்தினார்கள்.

பிறகு சோற்று வாசத்தோடு ஒரு சொப்பிங் பேக் காற்றில் உருண்டு வந்தது. கள்ளன் மோந்து பார்த்தான். யாரும் பார்க்கிறார்களா என்று, எல்லோரையும் சிரிக்கவைத்த அதே ஓரப் பார்வை பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

நடு வரிசையில் இராசதுரை எழும்பிவிட்டார். "அடேய் கள்ளா, விடு அதை. விடடா எண்டுறன்."

ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரோடு சேர்ந்து மண்டபமே ஏசியது, துப்பிப்போடடா என்று கெஞ்சியது. கள்ளன் விழுங்கினான். படம் தொடங்கியதிலிருந்து ஓயாமல் ஆடிய அந்தக் கீழுதடு மெல்ல நின்றது.

சாவைக் காட்டப் பஸ்மியா வேறொன்றும் வரையவில்லை. அது போதுமாக இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைக்கும் சத்தம் அங்கங்கே கேட்டது. கைதட்டல் தொடங்கியபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள், சந்தோசத்தில்.

மதுசன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. "அல்பத்துக்கு நான் வேற ஆள் பாக்கிறன். நீங்கள் அடுத்த படத்தைக் கீறுங்கோ" என்றான்.

வெளியே இராசதுரையின் ஆட்டோவடியில் அந்தக் கிழிந்த காது மான் நின்று, கீழே கிடந்த ஒரு சொப்பிங் பேக்கை மோந்துகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய் அதைப் பறித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு மானை ஏசினார்.

"உள்ள படத்தில செத்துக் கிடந்து சனத்தை அழவைச்சுப்போட்டு, இஞ்ச வந்து நிக்கிறியோ கள்ளா?"