நார்வேக்கு ஓட்டு இல்லை

எங்கள் வகுப்பில் ஐரோப்பிய ஒன்றியக் கூட்டத்தை நடித்துக் காட்டினோம். தலைவரான ஹரிகிருஷ்ணன், தினமும் மீன் கொண்டுவரும் ஜெனிட்டாவை வேண்டுமென்றே நார்வே ஆக்கினான். நார்வே பொதுச் சந்தையில் உண்டு, ஒன்றியத்தில் இல்லை. சந்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும், ஓட்டுப் போட முடியாது.

முதல் தீர்மானம்: அரங்கில் யாரும் மீன் சாப்பிடக் கூடாது. உறுப்பு நாடுகள் இருபத்தேழும் கை தூக்கின.

"நார்வே வெளிய போய்த் துன்னட்டும்," என்றான் ஹரிகிருஷ்ணன்.

"இன்னா ஹரி, சந்தை ஒப்பந்தத்தைப் படிக்காமலே தலைவர் ஆயிட்டியா? சந்தை விதிதான் என்னைக் கட்டும். ஒன்றியத்தோட மீன்பிடிக் கொள்கை அதுல சேராது. தேடிப் பாத்துக்கினு இரு."

அவன் பக்கம் பக்கமாகத் தேடினான். அவள் அங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். ஜெர்மனி நாற்காலியை நகர்த்திக்கொண்டது. கை தூக்கிய போர்ச்சுகல் ஒரு துண்டு கேட்டது. அவள் கொடுக்கவில்லை.