மழைக்காலத்துக்கு மூடிய கார்

பர்மியரின் தண்ணீர்த் திருவிழா முடிந்து வானம் கறுக்கத் தொடங்கியதும் அஷ்ஃபாக் தன் மோரிஸ் மைனரை மூடிவைக்கும் வேலையில் இறங்கினான். கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓடும் பழைய கார் அது. யாங்கோன் மழையில் நனையவிட்டால் தகரம் பொத்துப்போகும். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊரில் ஜெயம்மா என்ற விதவையிடம் போன குளிரில்தான் வாங்கியிருந்தான். அவன் கைக்கு வந்தபின் அதற்கு இது முதல் மழைக்காலம்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தன் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய ஷெட்டில் காரை நிறுத்தினான். பேட்டரியைக் கழற்றினான். டயர் தரையில் படாதபடி மரக்கட்டை கொடுத்துத் தூக்கினான். எலி புகாமலிருக்கப் புகைக்குழாயில் துணி அடைத்தான். கண்ணாடிகளை இறுக ஏற்றி, கதவுகளைப் பூட்டி, படுதாவைப் போர்த்தினான்.

மறுநாள் காலை கயிற்றை இறுக்கப் போனவன் படுதாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பின்சீட்டின் இடது கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. நடுவே உள்ளங்கை அகலத்துக்கு யாரோ துடைத்த தடம். வெளியே தேய்த்துப் பார்த்தான்; போகவில்லை. உள்ளேயிருந்து துடைத்தது.

"ஈரம் உள்ள நின்னிருக்கும்," என்றாள் அவன் மனைவி ருமானா.

அவனும் அதையே நம்பப் பார்த்தான். ஈரத்தை இழுக்கட்டும் என்று சுட்ட சுண்ணாம்புக்கல்லை ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்துப் பூட்டினான். ஈரம் பட்டிருந்தால் மாவாக உதிர்ந்திருக்க வேண்டிய கல், அடுத்த காலை கல்லாகவே இருந்தது. கண்ணாடியில் மறுபடியும் ஆவி. துடைத்த இடம் பெரிதாகியிருந்தது. அதற்குக் கீழே நகத்தால் பிராண்டியதுபோல் கோடுகள்.

ஜெயம்மாவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, காரு பின்கண்ணாடி ஒண்ணுல மட்டும் ஆவி புடிக்குது. முன்னாடியும் இப்படித்தானா?"



"முழுசா ஏத்திட்டியா தம்பி? எங்க ஊட்டுக்காரரு ஒரு விரல் எடம் விட்டுத்தான் மூடுவாரு. இல்லேன்னா மூச்சு முட்டும்னு சொல்லுவாரு."

"யாருக்குக்கா?"

"அவரு இருந்த வரைக்கும் நான் கேக்கல. நீயும் கேக்காத."

ருமானாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். கதவைத் திறந்து, அந்தக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கினான். வெதுவெதுப்பான காற்று ஒன்று அவன் கன்னத்தில் பட்டு நின்றது. ருமானா அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அதன்பின் மழைக்காலம் முழுக்கக் கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

"வித்துருங்க," என்று அவள் நாள்தோறும் சொன்னாள். அவனுக்கும் அதே எண்ணம்தான். ஆனால் லான்மடாப் பேட்டையில் ஒரு நிக்காஹ்வுக்குக் கார் கொண்டுவருவதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தான். மழை ஓய்ந்ததும் காரைக் கட்டையிலிருந்து இறக்கிக்கொண்டு போனான்.

மணப்பெண்ணும் அவள் தாயும் மாமியும் பின்னால் ஏறினார்கள். அஷ்ஃபாக் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தான். மூன்று பேரும் வலது ஓரமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் ஓர் ஆள் இடம் சும்மா கிடந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். பொண்ணு சேலை கசங்குது," என்றான்.

"எங்க தள்றது?" என்றாள் பெண்ணின் தாய். "எடமில்லையேப்பா."

அஷ்ஃபாக் வண்டியை எடுத்தான்.