வருஷம் திரும்பாத வீடு

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரை பண்டிகை கிடையாது. இது எங்கள் சபை வைத்த சட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் பிறந்த குடும்பத்து வழக்கம். அவர் ஞானஸ்நானம் எடுத்து என்னைக் கட்டிக்கொண்ட இருபது வருஷத்தில் ஒரு நாளும் நான் மதிக்காத வழக்கம். அவர் போனதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தமிழரசன் கச்சிராயபாளையம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஐப்பசி மாதம் ஒரு நாள், லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று ராத்திரியே எல்லாம் முடிந்துபோனது. கிறிஸ்துமஸுக்கு நான் ஸ்டார் கட்டவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம், "வருஷம் திரும்பலீங்க" என்றேன். யாரும் மேலே பேசவில்லை. நல்ல சாக்கு! உண்மை என்னவென்றால், எனக்கு ஆண்டவர்மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை, வயிறு எரிகிற கோபம்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் போதகரின் மனைவி சந்தியா என் தையல் கடைக்கு வந்தார்.

"நாளைக்கு விடியக்காலைல கல்லறைத் தோட்டத்துல ஆராதனை. வாங்கக்கா."

"எங்க வூட்டு வழக்கத்துக்கு வரக் கூடாதுங்கம்மா."

தலையைத் தூக்காமல் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

சாயந்திரம் தியாகதுருகம் பஸ்ஸில் என் நாத்தனார் பெரியநாயகி வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. செவ்வாய் தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர். கையில் ஒரு தூக்கு நிறைய அதிரசம்.

"நீ எண்ணெச் சட்டி வைக்கக் கூடாது. அதான் நானே சுட்டு எடுத்துக்கினு வந்தேன். நாளைக்கு உங்க பண்டிகையாமே, எத்தினி மணிக்குக் கோயிலு?"

"நான் போவல அண்ணி. வருஷம் திரும்பலயே."

"பொங்கலு இல்லன்னா சரி. தீவாளி இல்லன்னா சரி. நாளைக்கு இன்னா பண்டிகை?"

"ஏசு சாமி உயிர்த்தெழுந்த நாளு."

"செத்துட்டா?"

"செத்துட்டுத்தான். மூணாம் நாளு."

"அடிப் பைத்தியக்காரி! செத்தவரு எழுந்த பண்டிகைக்குச் சாவு வூட்டுக்காரி போவலன்னா வேற எவ போவா?"

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன். "ஆஸ்பத்திரி வாசல்ல முட்டி போட்டுக் கெஞ்சினேன் அண்ணி. அவரு மட்டும் எழுந்தாரு, எம் புருசன எழுப்பலயே!"

அண்ணி திருப்பிக் கத்துவார் என்று பார்த்தேன். "எனக்கும் அவன் ஒரே தம்பிதான்டி" என்றார். ரெண்டு பேரும் அழுது தீர்த்துவிட்டு அதிரசத்தைத் தின்றோம்.

விடிவதற்கு முன்னால் அண்ணி தலையில் தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். "அவன் கீறது அங்கதான. நான் போறேன். எனக்கு வழி காட்டிட்டு நீ வந்துடு."

வழி காட்டத்தான் போனேன். கூட்டம் கல்லறைகளுக்கு நடுவில் மெழுகுவத்தியோடு நின்றிருந்தது. நாங்கள் தமிழரசன் பக்கத்தில் நின்றோம். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார் போதகர். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்றது கூட்டம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணி என் முந்தானையை இழுத்தார். "கலை, அப்ப எந்தம்பி?"

வாதத்துக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். போதகரம்மாவுக்குச் சாக்குச் சொன்ன வாயால் இவரிடம் எதையும் மழுப்ப முடியவில்லை.

"எழுந்திரிப்பாரு அண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான், அதை நான் நம்புகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. கோபம் அப்படியேதான் இருந்தது. நம்பிக்கையும் இருந்தது.

அண்ணி குனிந்து கல்லறை மண்ணைத் தடவிக் கொடுத்தார். "எழுந்ததும் என்னத்தான் தேடுவான். சின்னதுலருந்தே அப்படித்தான். அக்கா தியாகதுருகத்துல கீறான்னு பக்கத்துல இருந்து சொல்லுடி."

"நீங்களே சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போதகர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை நானும் வாய் திறந்தேன். அந்தக் கூட்டத்தில் என் சத்தம்தான் பெரிதாக இருந்தது.