ஏழு மாத ஊழியன்

வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். வயது முப்பது. கடல் தாண்டி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு பெரிய மருத்துவமனையின் நான்காம் மாடியில், திறக்கவே முடியாத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊழியர் பதிவேட்டு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவன்.

ஐந்து வருஷம் ஒரே இடத்தில் விடாமல் வேலை பார்த்ததாகச் சான்றிதழ் வாங்கினால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். இதை நம்பி மகளிடம் தேதியே சொல்லிவிட்டான். அவள் அங்கே காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் தரும் மேடம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏழு மாசம்னுதான் காட்டுது."

"மேடம், அஞ்சு வருஷமா இங்கதான் குப்பை கொட்டுறேன்."

"கொட்டியிருப்பீங்க. இதுல இல்லையே. திரையில இல்லாததை எழுதினா என் வேலை போயிடும். இந்த புரோகிராம் நீங்க எழுதினதுதானே?"

எங்கே பிசகியது என்று அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய புரோகிராம். பயிற்சி ஊழியருக்கு ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு; ஒப்பந்த ஊழியருக்கு ஒன்று, நிரந்தர ஊழியருக்கு ஒன்று. ஒவ்வொரு ஊழியரின் பதிவும் அதில் பிறக்கும் ஓர் ஆப்ஜெக்ட். ஒரு கிளாஸில் பிறந்த ஆப்ஜெக்ட் இன்னொரு கிளாஸுக்குத் தாவ முடியாது. அதனால் ஒருவருக்குப் பதவி மாறினால் புது ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, பெயர், படம், பிறந்த தேதியை நகல் எடுத்துவிட்டு, பழையதை அழித்துவிடும். சேர்ந்த தேதியாக மட்டும் புது ஆப்ஜெக்ட் பிறந்த நாளையே எழுதிக்கொள்ளும். ஏழு மாதத்துக்கு முன் அவனை நிரந்தரமாக்கினார்கள். அன்றைக்குத்தான் அவன் பிறந்திருக்கிறான்.

சரியான வழி அவனுக்குத் தெரியாததல்ல. ஆளை ஒரே ஆப்ஜெக்ட்டாக வைத்துக்கொண்டு, அவர் வகிக்கும் பொறுப்பைத் தனி ஆப்ஜெக்ட்டாக, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று அதோடு கோத்துவிடுவது. பொறுப்பு வரும், போகும். ஆள் அப்படியே இருப்பார். இதைப் பலகையில் வரைந்தும் காட்டினான். "வெள்ளிக்கிழமை ஓடணும்யா. அழகு பார்க்காத," என்றார் பிரிவுத் தலைவர். அவனும் பலகையைத் துடைத்துவிட்டான்.

இதற்கு முன்பே ஒரு தடவை எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. போன வருஷம் துப்புரவு அக்கா மேற்பார்வையாளர் ஆனபோது, பதினோரு வருஷ சர்வீஸ் ஒரு நாளாகிவிட்டதென்று நான்கு மாடி ஏறி வந்து நின்றாள். அன்றைக்கு அவன் தலை நிமிரவில்லை. "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது அக்கா. நான் என்ன பண்றது?"

இப்போது அவன் தலைவர் முன்னால் நின்றான். கையில் முதல் நாள் வாங்கிய நியமனக் கடிதம்.

"இதைப் பாத்து தேதியை மாத்திடலாம் சார். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"உனக்குப் போட்டா அந்தத் துப்புரவு அம்மாவுக்கும் போடணும். அப்புறம் நானூறு பேரு வாசல்ல நிப்பான். சர்வீஸ் கூடினா லீவு கூடும், எல்லாம் கூடும். மேல இருக்கிறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?" கடிதத்தை அவன் பக்கமே தள்ளினார். "இனிமே வர்றவங்களுக்குச் சரியா நடக்கிற மாதிரி எழுதிடு. நீ அன்னிக்கே ஏதோ வரைஞ்சியே, அது நல்லா இருந்தது."

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினான். ஆளும் பொறுப்பும் பிரிந்தன. சோதனைக்கு ஒரு பொய் ஊழியரை உருவாக்கி, ஐந்து முறை பதவி மாற்றிப் பார்த்தான். சேர்ந்த தேதி இம்மிகூட அசையவில்லை. உலகத்தில் இல்லாத அந்த ஆளுக்கு முழு சர்வீஸும் கிடைத்தது.

லிஃப்டில் அக்கா இருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"உனக்கும் அப்படித்தான் காட்டுதாமே தம்பி?"

குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே விசாரித்தாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"நான் அன்னிக்கே உங்களுக்காகப் பார்த்திருக்கணும் அக்கா."

"பார்த்திருந்தா உனக்கும் சரியாகியிருக்கும்," என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாடியில் இறங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு அறையில் போனை வாய்க்குக் கிட்டே பிடித்து, வீட்டாரின் வாட்ஸப் குழுவுக்குப் பேசிப் பதிந்தான். சொல்லும்போதே எழுத்துகள் திரையில் ஓடின. "நான் நல்லா இருக்கேன். சான்றிதழ் இப்ப கிடைக்காது. இன்னும் நாலு வருஷம் அஞ்சு மாசம் ஆகும். தப்பு என்னோடதுதான், அப்புறம் விவரமா சொல்றேன். இதை யாரு முதல்ல படிச்சாலும் சரி, பாப்பா பாக்குறதுக்குள்ள அந்தக் காலண்டரைக் கழட்டி வச்சிடுங்க."