எதிரே வந்த வெளிச்சம்

என் பிக்கப்பின் பழைய விளக்குகள் மின்மினிப் பூச்சியிடம் தோற்றுவிடும். அதனால் செனான் பல்பு மாட்டினேன்.

“லோடு ஏத்தினா பின்பக்கம் அமுங்கும், வெளிச்சம் மேல தூக்கிடும். லோடோட கொண்டு வாங்க, லைட்டை இறக்கி வெச்சுத் தர்றேன்” என்றார் மெக்கானிக்.

எனக்கே பாடமா? காலி வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, நானே மட்டம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் இருட்டத் தொடங்கும் நேரம். பின்னால் இருபத்தைந்து மூட்டை சிமெண்ட். எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்! நானும் ஹைபீமைத் தட்டிவிட்டேன். வளைவில் ஒரு ஸ்கூட்டர் தடுமாறி, சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது.

எந்த நினைப்பிலோ, விளக்கை அணைத்துவிட்டுத்தான் ஓடினேன். சிராய்த்த கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள் என் அக்கா.

“அக்கா!”

“தம்பி, நீயாடா? நல்லவேளை வந்தே. எனக்கு இன்னும் கண்ணே தெரியல. அந்தப் பாவியோட வண்டி நம்பரப் பாத்தியா?”