காலிக் கொக்கி

விடிந்தும் விடியாத நேரத்தில் முதல் லாரி வந்தது. கூண்டுகள் கவிழ்ந்ததும் கோழிகள் திமுதிமுவென்று பெல்ட்டில் விழுந்தன. அந்த அறையில் நீல விளக்கு மட்டும்தான். வெளிச்சம் மங்கினால் கோழி அடங்கிக் கிடக்கும் என்று கம்பெனி சொல்லும். எந்தக் கோழி அடங்கியது? கையைக் கீறும், முகத்தில் எச்சமிடும், இறகுத் தூசி மூக்கை அடைக்கும். ஏழு கறுப்பு ஆண்கள் தோளோடு தோள் உரச நின்று, கோழிகளைக் கால் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேலே ஓடும் சங்கிலியின் கொக்கிகளில் தலைகீழாக மாட்டினார்கள். மூச்சுக்கு ஒரு கோழி.

மிசிசிப்பியின் அந்தக் கோழி ஆலையில் இவர்களுக்குள் ஒரு வீம்பு உண்டு. எவன் கொக்கி காலியாகப் போகிறதோ அவன் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பொரித்த கெளுத்தி மீன் வாங்கித் தர வேண்டும். லூஷஸ் ஆறு வருடமாக ஒரு தடவைகூட வாங்கித் தந்ததில்லை. பெரியவர் கிளியோட்டிஸ் பத்தொன்பது வருடமாக. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்? விரட்ட ஆள் வைக்காமலே வேகம் ஏறிக்கொண்டிருந்தது.

இன்று லூஷஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை வேலை செய்தது, கண் சுவரிலேயே இருந்தது. அந்தச் சங்கிலி சுவரைத் தாண்டி, கழுத்தறுப்பும் இறகு பிடுங்கலும் முடிந்து, பெண்கள் நிற்கும் குடல் எடுக்கும் வரிசைக்குப் போகிறது. அங்கே ரெனெட்டா நிற்கிறாள். அவன் மனைவி. ஏழாம் மாதம்.

போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார்கள். நேற்று மறுபடியும் வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்து, உடம்பில் தண்ணீரே இல்லை, இப்படியே போனால் இதுவும் தங்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று லூஷஸ் கத்தினான். ரெனெட்டாவின் வேலைப் பையில் ஒரு பொட்டலம் தெரிந்தது. குழந்தைக்கு இப்போதே அணையாடை வாங்கிவிட்டாளா என்று எடுத்துப் பிரித்தான். பெரியவர்கள் கட்டும் அளவு.

"அது எனக்குத்தான்," என்றாள் ரெனெட்டா. "பாத்ரூமுக்கு விடமாட்டாங்க. அதான் தண்ணியும் குடிக்கிறதில்ல. அங்க பாதிப் பேரு கட்டிக்கிட்டுதான் நிக்கிறோம். உனக்குத் தெரியாது. நீ கேட்டதும் இல்ல."

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் ஆண்பிள்ளைக்குக் கோபம் வரும், அதுதானே வழக்கம். சூப்பர்வைசர் டக்கர் சட்டையைப் பிடிக்கிறேன் என்று எழுந்தான். போன வருடமும் அப்படித்தான் போய் மேஜையைக் குத்தினாய், தண்டனை எனக்குத்தான் வந்தது என்றாள் அவள். அப்படியானால் வேலையை விடு என்றான். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரிப் படியேறுவது என்று கேட்டாள். ஆத்திரமும் தீர்ந்து, யோசனையும் தீர்ந்து, கல்யாணமாகி முதல் தடவையாக அவன் கேட்டான்.

"நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு."

"கொக்கியை எல்லாம் நிரப்பாதீங்க," என்றாள். "ஒரு காலிக் கொக்கி வந்தா எங்களுக்கு ஒரு மூச்சு. நாலு வந்தா ஒருத்தி போயிட்டு வரலாம், பக்கத்துல நிக்கறவ சமாளிச்சுப்பா. எங்களை ஓட ஓட விரட்டறது டக்கர் மட்டுமில்ல. உங்க ஏழு பேரு கையும்தான்."

இதைத்தான் முதல் லாரி காலியாகி அடுத்தது வரும் இடைவெளியில் மற்ற ஆறு பேரிடம் சொன்னான். அணையாடைப் பேச்சு வந்தபோது ஒருவன் சிரிக்கப் பார்த்தான்; தன் அக்காவும் அந்த வரிசையில் நிற்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டான். கிளியோட்டிஸ் மட்டும் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"என் பொண்டாட்டி டார்த்தியாவுக்கு ரெண்டு குழந்தை தங்கல," என்றார் கடைசியில். "அவளும் அந்த வரிசைதான். ஏன்னு ஒரு நாள் கேட்டதில்ல தம்பி. வெள்ளிக்கிழமையானா மீன் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

இரண்டாவது லாரி வந்தது. நாலுக்கு ஒன்று காலி என்று பேச்சு. முதல் காலிக் கொக்கியை விட்டவர் கிளியோட்டிஸ்தான். பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாக எழுந்தது. அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

டக்கர் வந்துவிட்டார். "என்னய்யா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி போகுது?"

"வயசாச்சு சார், கை வரல," என்றார் கிளியோட்டிஸ்.

"ஏழு பேருக்கும் ஒரே நாள்ல வயசாச்சா?"

கொக்கிகள் போய்க்கொண்டிருந்தன. டக்கருக்கு விஷயம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. லூஷஸைத் தனியாக ஓரங்கட்டி, குரலைத் தணித்துக்கொண்டார். ரெனெட்டாவை இன்றைக்கே அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிடலாம், உட்கார நாற்காலி தரலாம், ஆனால் கொக்கி நிரம்ப வேண்டும் என்றார்.

ஒரு வார்த்தை போதும், தன் பிள்ளை பிழைத்துவிடும். சரி என்ற சொல் லூஷஸின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அவகிட்ட கேளுங்க சார்."

"நீ புருஷன்தானே, நீ சொல்லு."

"புருஷன்தான். வயிறு அவளுது."

இருவரும் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள். ஈரத் தரை, குடல் நாற்றம், முழங்கை வரை இரத்தமாகப் பதினோரு பெண்கள். டக்கர் சொல்வதை ரெனெட்டா கையை நிறுத்தாமல் கேட்டாள். ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று லூஷஸின் உள்ளே ஒருவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றான். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை அவன் செய்ததில்லை.

"நாற்காலி வேணும் சார்," என்றாள் ரெனெட்டா. "பதினொண்ணு. கேட்டப்ப பாத்ரூமுக்கும் விடணும், இங்க இருக்கற அத்தனை பேரையும்."

"அதெல்லாம் நடக்காது."

"அப்ப நான் போயிட்டு வந்து பேசறேன்."

கையுறையைக் கழற்றினாள். போனால் பெயரை எழுதிக் கொடுப்பேன், நாளைக்குக் கேட் திறக்காது என்றார் டக்கர். அவள் நடந்தாள். லூஷஸ் அந்தக் கையுறையை எடுத்தான். விரல் நுழையவில்லை. வெறுங்கையோடு அவள் நின்ற இடத்தில் போய் நின்று, வந்த கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டான்.

"பார்த்து, ஈரலைக் கிழிச்சிடாதே," என்றாள் பக்கத்தில் நின்றவள். "உன்னைக் கட்டிக்கிட்டவ பொறுமைசாலிதான்."

டக்கர் அவன் காதருகே வந்து, உன் இடத்துக்குப் போ என்று கத்தினார்.

"அவ வந்ததும் போறேன் சார்."

டக்கர் மேனேஜரைக் கூப்பிட ஓடினார். நாளைக்கு எத்தனை பேருக்கு வேலை இருக்குமோ, யாருக்கும் தெரியாது. பாதி வழியில் ரெனெட்டா திரும்பிப் பார்த்தாள். கால் தானாக வேகம் பிடித்தது, இத்தனை வருடப் பயம். லூஷஸ் இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தான்.

"மெதுவா வா ரெனெட்டா. நான் நிக்கிறேன்."