ஷாங்காயார் வீட்டு நோட்டு

பாகூரில் ஷாங்காயார் வீடு எது என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூடக் கை காட்டுவார். வீட்டுக்காரர் சாமிநாதனின் தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஷாங்காய் போய், அங்கே பிரெஞ்சுப் போலீசில் எழுத்தராக இருந்து திரும்பியவர். அவர் தமிழில் எழுதிவைத்த தடித்த நோட்டு ஒன்று வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையில் மஞ்சளும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுபடி பீரோவுக்குள் போய்விடும். தொண்ணூறு வருஷமாகக் கும்பிட்டார்கள், ஒருத்தரும் படிக்கவில்லை. புள்ளி வைக்காத பழைய கூட்டெழுத்து. புரியாததாலேயே அதற்கு மரியாதை கூடிக்கொண்டு போனது.

அதைப் படிக்கத்தான் ஜோஸ்பினை இன்றைக்கு முன்வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அவள் அப்பா அருள்தாஸ் இந்த வீட்டு மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் மாட்டுக்கொட்டகைப் பக்கத்து வழிதான். எம்.ஏ. முடித்து வில்லியனூரில் பத்திரம் எழுதுபவரிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்ததில் கூட்டெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்குப் பிறகு கொரியாக்காரர்களின் கம்பெனி ஒன்றில் அவர்கள் மொழியையும் கற்றிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூன்ஜு, கொரியாவில் பல் டாக்டர். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஹானும் டாக்டர்தான். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்துக்கொண்டதும் ஷாங்காய்க்குத் தப்பி வந்து, அங்கே பிரெஞ்சுக்காரன் ஆண்ட பகுதியில் ஆஸ்பத்திரி வைத்து, விடுதலைக்குப் பாடுபட்டவர்களை நோயாளி என்று சொல்லிப் படுக்கவைத்து ஒளித்தவர். 1932-இல் ஜப்பான்காரன் கேட்டான் என்று பிரெஞ்சுப் போலீஸ் அவரைத் தெருவில் பிடித்தது. இரண்டு நாள் கழித்துப் போலீஸ் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று பேரை அள்ளியது. அடி தாங்காமல் டாக்டர்தான் வாயைத் திறந்துவிட்டார் என்று ஆகிவிட்டது. அவர் சிறையிலேயே செத்தார். தியாகிகள் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. எண்பது வயதில் படுக்கையில் கிடக்கும் யூன்ஜுவின் அப்பா ஊர் வாயில் இன்றைக்கும் காட்டிக்கொடுத்தவன் பேரன். பழைய கைது அறிக்கையின் அடியில் எழுத்தரின் கையெழுத்தோடு 'பாகூர், புதுச்சேரி' என்று இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"படிம்மா ஜோஸ்பின்," என்றார் சாமிநாதன். பட்டு வேட்டி, புதுச் சவரம். "அந்த டாக்டருக்கு எங்க தாத்தா எவ்ளோ ஒத்தாச பண்ணியிருப்பாரு, எல்லாம் இதுல இருக்கும். கொரியா கவர்மெண்டு அவருக்கும் ஒரு மெடலு குடுக்கணும்னு அந்தம்மா கிட்ட சொல்லு."

ஜோஸ்பின் தேதி பார்த்துப் புரட்டினாள். ஏப்ரல். மே. மஞ்சள் ஒட்டிய தாள்கள் பிரிய மாட்டேன் என்றன. ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. இரண்டு முறை படித்தாள்.

காலையில் அருள்தாஸ் சொல்லி அனுப்பியிருந்தார்: "இன்னா எழுதியிருந்தாலும் நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டு எழுந்து வந்துடு பாப்பா. நம்ம வூடு நிக்கிறது அவரு எடம். பட்டா இல்ல."

ஒரு வழி இருந்தது. இவர்களுக்குக் கொரிய மொழி தெரியாது. யூன்ஜுவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, தமிழில் நாலு பொய்யை அவிழ்த்து விட்டால் தீர்ந்தது. யூன்ஜுவின் பக்கம் திரும்பினாள்.

"இரு இரு," என்று சாமிநாதனின் மகன் விஜயராஜ் போனை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "நீ அந்தம்மா கிட்ட இன்னா பேசுனாலும் இது தமிழ்ல காட்டும். கத வுட முடியாது."

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"உங்க ஆளுங்க மேலயா?" சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஜோஸ்பின் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தெருவுக்குக் கேட்கிற குரலில் தமிழிலேயே படித்தாள்.

"'என் முதுகில் வந்த ராஜபிளவையை வைத்தியர் ஹான் கீறி, ஒன்பது நாள் கட்டில் கொடுத்து ஆற்றினார். காசு வாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்களில் மூன்று பேர் காயமில்லாமலே கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். இப்போது வைத்தியரைப் பிடித்து இரண்டு நாள் அடித்தும் ஒரு பெயரும் சொல்லவில்லை. துரை என்னைக் கேட்டார். கட்டில் எண் முதற்கொண்டு நானே சொன்னேன். என்னைத் தலைமை எழுத்தர் பதவிக்குச் சிபாரிசு செய்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.'"



"நீயா சேத்துப் படிக்கிறியாடி?" என்றார் சாமிநாதன்.

"உங்க நோட்டு. உங்க மஞ்சா. நீங்களே படிங்க."

அவர் எழுந்தார். ஜோஸ்பின் பக்கத்தின் இரு ஓரங்களையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு யூன்ஜுவிடம் கொரிய மொழியில் கத்தினாள். விஜயராஜின் போனில் தமிழ் எழுத்து வந்தது: 'அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. படம் எடுங்கள். இப்போதே.'

அவன் படித்து முடித்துப் பாய்வதற்குள் யூன்ஜு தன் போனில் இரண்டு முறை எடுத்துவிட்டாள். மூன்றாவது முறை நோட்டு அங்கே இல்லை. சாமிநாதன் அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு தாள் கிழிந்து பாதி தொங்கியது.

"சோறு போட்ட வூட்ட சந்தி சிரிக்க வச்சிட்டியேடி! உங்கப்பன் இனிமே கொட்டா பக்கம் வரக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள வூட்ட காலி பண்ணுங்க. இல்ல, ஜேசிபி வரும்."

யூன்ஜு போனை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதாள். "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

சொல்லாமல் விடலாம். பாவம், அழுதுகொண்டிருக்கிறாள். ஆனால் இந்தக் கூடத்தில் இன்றைக்கு எதையும் விட்டுவிட்டு மொழிபெயர்க்க ஜோஸ்பினுக்கு இஷ்டமில்லை. அப்பாவின் வேலை, பட்டா, ஜேசிபி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஜேசிபிக்குக் கொரிய மொழியில் வார்த்தை வரவில்லை. வீட்டை இடிக்கும் வண்டி என்றாள்.

யூன்ஜு முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜோஸ்பின் வாசலைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஆள் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருள்தாஸ் வீட்டை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார். சாமான் கட்டப் போகிறாரா, அவளை வெட்டிப் போட அரிவாள் தேடப் போகிறாரா என்று அந்த முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கி அவர் பின்னால் ஓடினாள்.